பசி குறையலாம், உடலின் தேவை குறைவதில்லை

கொல்கத்தாவில் ஊக்ளி ஆற்றின் கரையோரம் அமைந்தது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் அங்கேதான் உள்ளன. ஆட்சியை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் அப்பகுதியின் மேட்டியாபுரூஸில் குடியேறி, 1887இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவருடைய சமையற்கட்டிலிருந்து பரவியதாகச் சொல்லப்படும் பிரியாணி, பெரிய உருளைக்கிழங்கு ஒன்றுடன் இன்றும் அவ்வூரின் பெருமையாக விளங்குகிறது.

அத்தகைய தட்டின் முன் அமர்ந்தவர் நான்கு கவளத்திலேயே போதும் என்று கையை எடுத்துவிடும் நிலையை இன்று மருந்து உண்டாக்குகிறது. அந்த நான்கு கவளத்தில் என்ன இருந்தது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

உணவு உண்டதும் நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி–1 என்னும் இயக்குநீரைப் போலச் செயற்படுபவை இம்மருந்துகள். இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணித்து, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கு உணர்த்துகின்றன. டிர்செபடைட் என்னும் மருந்து 2025 மார்ச்சில் ‘மௌன்ஜாரோ’ என்ற பெயரிலும், செமாக்ளூடைட் அதே ஆண்டு ஜூனில் எடைக்குறைப்புக்கான ‘வெகோவி’ என்ற பெயரிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. செமாக்ளூடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் இங்கு முடிவடைந்ததால், உள்நாட்டு நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி பிறந்தது. விலை குறைந்தாலும், இவை மருத்துவரின் சீட்டின்றி வாங்கத் தக்கவை அல்ல.

2021இல் வெளியான ஆய்வொன்றில், செமாக்ளூடைட் எடுத்துக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை இழந்தனர். இழந்தது முழுவதும் கொழுப்பன்று. தசையும் சேர்ந்தே குறைகிறது. முதியோருக்கு இது சிறிய செய்தியன்று. நாற்காலியிலிருந்து எழவும், படியேறவும், தடுமாறும்போது விழாமல் தாங்கிக்கொள்ளவும் தசையே துணை.

வருவாய் குறைந்த மாதத்தில் நாம் என்ன செய்கிறோம்? வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதில் மற்றச் செலவுகளைப் பார்க்கிறோம். பசி குறைந்த வயிற்றுக்கும் இதே கணக்குதான். முதலில் எடுத்து வைக்க வேண்டியது புரதம்.

நம் நாட்டு உணவில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இணைந்து நடத்திய தேசிய ஆய்வு, இந்தியர் பெறும் கலோரிகளில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025இல் தெரிவித்தது. வங்காளியானாலும் தமிழரானாலும் தட்டின் நடுவில் இருப்பது சோறுதான். மரபான வங்காள விருந்தில் கசப்புக் கறியும் பருப்பும் சோற்றுடன் முதலில் வரும். மீன் பின்னரே வரும். மருந்து எடுத்துக்கொள்பவருக்கு மீன் வருமுன்பே வயிறு நிறைந்துவிடும். ஆகவே மீனும் பருப்பும் முதலில், காய்கறி அடுத்து, சோறு கடைசியில் என்று வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. நம் வீடுகளிலும் சாம்பாரின் பருப்பையும் சுண்டலையும் முட்டையையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றுக்குப் போகலாம்.

எவ்வளவு புரதம் தேவை? வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 58 கிராம். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், 100 கிராம் ரோகு மீனில் 18 கிராம் அளவு, 50 கிராம் பருப்பில் 12 கிராம், ஒரு கிண்ணம் தயிரில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். இவை சேர்ந்தாலே 55 கிராம் ஆகிவிடும். எஞ்சியதை இட்லியும் சோறும் தந்துவிடும். சைவ உணவினர் மீனுக்கும் முட்டைக்கும் மாற்றாகப் பனீர், சோயா, பயறு வகைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். எடை குறையும் காலத்தில் இதைவிடக் கூடுதலான அளவை மருத்துவர் கூறக்கூடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாமாகவே அளவைக் கூட்டலாகாது.

இரைப்பை மெதுவாகக் காலியாவதால், எண்ணெயும் நெய்யும் மிகுந்த உணவு நெடுநேரம் தங்கிக் குமட்டலையும் ஏப்பத்தையும் தரும். பிரியாணியை அறவே விலக்க வேண்டியதில்லை. இறைச்சித் துண்டும் முட்டையும் முதலில், சோறு இரண்டு மூன்று கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாகச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்து மெதுவாக உண்பதும், நிறைவு தோன்றியவுடன் நிறுத்துவதும் வயிற்றுக்கு இதம். உணவு குறையும்போது அதனுடன் உடலுக்குள் செல்லும் நீரும் குறைகிறது. நினைவு வைத்துத் தண்ணீர், மோர், ரசம் அருந்துவதும், கீரையும் காயும் சேர்ப்பதும் மலச்சிக்கலைத் தடுக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள்களாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். இல்லையேல் உண்ட புரதத்தின் முழுப் பயன் கிட்டாது.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ உடன் எடுத்துக்கொள்பவர்களுக்கு, உணவு குறையும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். ரமலான் நோன்போ ஏகாதசி விரதமோ மேற்கொள்ளுமுன் மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்வது இன்றியமையாதது. விடாத வாந்தியோ, முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும்.

மேற்சொன்ன ஆய்வில் பங்கேற்றோரில் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்திய பின்னும் தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு ஓராண்டில் திரும்பியிருந்தது. ஊசி நின்ற பிறகும் நம்முடன் இருக்கப்போவது தட்டும் அதில் எதை முதலில் எடுக்கிறோம் என்ற பழக்கமுமே. பசி அடங்கியிருக்கும் இம்மாதங்களே அப்பழக்கத்தை ஊன்றிக்கொள்ள ஏற்ற காலம்.