பல் எடுத்த பின் பாதுகாப்பு

கொல்கத்தாவில் குடியிருக்கும் நமக்குப் பல் வைத்தியம் சம்பந்தமாக ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920இல் இந்த ஊரில்தான் ஆரம்பமாயிற்று. ஆரம்பித்தவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது; அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். கல்லூரி நடத்தப் பணம் வேண்டுமே! 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு ஐஸ்கிரீம் கடையைத் திறந்து, அந்த வருமானத்தைக் கல்லூரிக்குத் திருப்பினார். வியாபாரியான எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும். 1949இல் கல்லூரியை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். 1964இல் பத்மபூஷண் பெற்றார். மௌலாலிப் பக்கம் போனால் இன்றும் அவர் பெயரிலேயே கல்லூரி இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் நாற்பது வருஷம் மசாலா வியாபாரம் பார்த்தும், பல் எடுத்த பின் எப்படி நடந்துகொள்வது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதம். கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல்லை, அதாவது ஞானப்பல்லை, ஈறை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. ஞானம் போய்விட்டது என்று பேரன் கேலி செய்தான். டாக்டர் ஒரு வங்காளிப் பெண். பஞ்சுத் துணியைக் கடிக்கக் கொடுத்து, ஒரு தாளையும் கையில் தந்தார். ஒரு பக்கம் வங்காளம், மறுபக்கம் இங்கிலீஷ், பொடி எழுத்து. எனக்கு வங்காளம் பேச வருமே தவிர எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கண்ணாடியும் கொண்டுபோகவில்லை. தாள் மடித்தபடி சட்டைப்பையில் போயிற்று.

அன்று சாயங்காலம் வந்தவாசியிலிருந்து சம்பந்தி போன் செய்தார். "சூடா உப்புத்தண்ணி வெச்சு நல்லா கொப்பளிங்க சம்பந்தி, ரணம் சீக்கிரம் ஆறிடும்" என்றார். அன்போடு சொன்னதுதான். ராத்திரிக்குள் ஐந்தாறு முறை கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன். வாய் சுத்தமானது போல் சுகமாகவே இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பிடித்தது வலி. தாடையில் தொடங்கிக் காது வரைக்கும் குத்திற்று. பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை.

விஷயம் என்னவென்றால், பல்லை எடுத்ததும் அந்தக் குழியில் இரத்தம் நிரம்பி உறைகிறது. அந்த உறைகட்டிதான் காயத்துக்கு இயற்கை போடும் மூடி. அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் அது மூடிக் காக்கிறது. அதன் மேல்தான் புதுச் சதை வளர வேண்டும். மேலே ஈறு மூடச் சில வாரங்கள், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். முதல் நாளில் அந்தக் கட்டி மிகவும் இளசு. துப்பினால், வேகமாகக் கொப்பளித்தால், உறிஞ்சுகுழலில் குடித்தால், பீடி சிகரெட் இழுத்தால் அது பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். இதை 'டிரை சாக்கெட்' என்கிறார்கள். உலர்குழி என்று சொல்லலாம். பல் எடுத்த எல்லோருக்கும் வருவதில்லை. கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அதிகம். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டும்.

நமக்கு இது சிரமமாக இருப்பதற்குக் காரணம் நம் நல்ல பழக்கம்தான். கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை, காலையில் குச்சி மென்று பல் துலக்குவதையும், உண்ட பின் நன்றாக உமிழ்ந்து எச்சில் அற வாய் துடைப்பதையும் விதியாகவே சொல்கிறது. ஒரு வாய் காபி குடித்தாலும் கொப்பளிக்கும் ஜாதி நாம். அந்தப் பழக்கத்தை ஒரே ஒரு நாள், இருபத்து நான்கு மணி நேரம், தள்ளி வைக்க வேண்டும். வலியோடு போய் நின்றபோது டாக்டர் சொன்னார்: "மேஷோமொஷாய், உங்கள் வாய் சுத்தமாகத்தான் இருக்கிறது. காயத்தைத்தான் கழுவி விட்டுவிட்டீர்கள்."

முதல் நாள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிக்கக் கொடுத்த துணியை அரைமணி, முக்கால் மணி அழுத்திக் கடித்திருங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சில் ஒரு நாள் சிவப்பாகத்தான் வரும். ஒரு சொட்டு இரத்தம் வாய் முழுதும் நிறம் காட்டும். அதை விழுங்கிவிடுவதே சரி. இரத்தத்தை விழுங்குவதா என்று என்னைப் போன்ற சுத்த சைவ உணவுக்காரர் முகம் சுளிப்போம். நம் இரத்தம்தானே! மறுபடி கசிந்தால் சுத்தமான துணியை நனைத்து மடித்து அரைமணி கடிக்கலாம். நனைத்து ஆறவைத்த தேயிலைப் பையும் உதவும். அதன் துவர்ப்புச் சத்து இரத்தம் உறையத் துணை செய்கிறது. கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸை கால்மணி வைத்துக் கால்மணி எடுக்கலாம். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மரத்துப்போன உதடு உணர்வு திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சின்னப் பிள்ளைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து சம்பந்தி சொன்ன வைத்தியம் சரி. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும். சாப்பிட்ட பிறகெல்லாம் செய்யலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் கூடுதலாகத் தெரிந்து பின் வடியும்.

கிராம்பு விற்பவன் என்பதால் என்னிடம் பலர் கிராம்பு எண்ணெய் கேட்டு வருவார்கள். உலர்குழிக்கு டாக்டர் வைக்கும் மருந்துத் திரியில் கிராம்பின் சத்தான யூஜினால்தான் பெரும்பாலும் இருக்கும். எனக்கு வைத்த ஒரு மணி நேரத்தில் வலி பாதியாயிற்று. ஆனால் எண்ணெயை நாமே புதுக் குழியில் ஊற்றினால் சதை வெந்துபோகும். பல் எடுத்தவருக்கு நான் விற்பதில்லை.

சாப்பாட்டில் இந்த ஊர்க்காரருக்கு ஒரு ஆபத்து, முடி என்னும் பொரி. லேசானதுதானே என்று ஜால்முடி வாங்கித் தின்றால் பொரியும் கடலையும் குழியில் போய் உட்காரும். மண்குவளைச் சூட்டு டீயும் முதல் நாள் ஆகாது. பானும் ஜர்தாவும் வேண்டவே வேண்டாம். குழைந்த பருப்புச் சாதம், ஆறிய கஞ்சி, தயிர் போதும். மிஷ்டி தோய் அருமையாக இறங்கும், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு. எங்கள் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதிய மாத்திரையை என்ன செய்வது? டாக்டரிடம் கேட்டதும் நேரத்தை மாற்றித் தந்தார். விரதம் இருப்பவர்கள் யாரானாலும் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வலிக்குப் பயந்து பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கமே வரும்.

இதைவிட முக்கியமான ஒன்று. அடுத்த வருஷம் என் வீட்டம்மாவுக்குப் பல் எடுக்க நாள் குறித்தோம். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் சாப்பிடுகிறவர். இரத்தம் நிற்காது, மாத்திரையை நிறுத்திவிடு என்று தெரிந்தவர் யாரோ சொல்ல, என்னிடமும் சொல்லாமல் இரண்டு நாள் நிறுத்தியிருந்தார். பல் டாக்டர் விசாரித்ததில் வெளிவந்தது. பல்லைத் தொடாமல் இதய டாக்டரிடம் அனுப்பினார். அவர் கோபித்துக்கொண்டதைப் போல நான் பார்த்ததில்லை. வாயில் கசியும் இரத்தத்தை அழுத்திப் பிடிக்கலாம், தையல் போடலாம்; ஸ்டென்ட்டில் கட்டி அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையைத் தொடர்ந்தபடியேதான் பிறகு பல் எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு முன்கூட்டி இரத்தப் பரிசோதனை செய்வார்கள். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் அதைச் சொல்லியாக வேண்டும். சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தம், காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பின் கூடும் வலி அல்லது வீக்கம், மறுநாளும் மாறாத மரப்பு இவற்றுக்கு டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம், நாக்கின் கீழோ கழுத்திலோ வீக்கம் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கே ஓடுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, லேக் மார்க்கெட் பக்கத்தில் தனியாக இருக்கும் நம் பெரியவர்கள் அன்று ராத்திரி மட்டுமாவது பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

சட்டைப்பையில் மடித்து வைத்த அந்தத் தாளை அப்புறம் கண்ணாடி போட்டுப் படித்தேன். முதல் வரியே இன்று கொப்பளிக்காதீர்கள் என்பதுதான். டாக்டரிடம் சரிபார்த்துப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். வேண்டுவோர் சங்க நூலகத்தில் பிரதி வாங்கிக்கொள்ளலாம்.