தேவி என்றொரு கார்

நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கம்ப்ரஸ்ஸர் காற்றின் பலத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையில் துளை போடும் மெஷினை ஓட்டியது அதுதானே! ஆயிலின் பலம் தெரியவேண்டுமானால் நம் தங்கவயல் பெமல் தொழிலாளர்களைக் கேட்கலாம். இவ்விரண்டு பலத்தையும் சேர்த்து ஒரு காரையே தாங்க வைத்தவர் பிரான்ஸ் நாட்டு பால் மாஜெஸ். பெரிய எஞ்சினியரிங் படிப்பெல்லாம் இல்லை. சித்ரோயன் கம்பெனியில் சேர்ந்து வேலையிலேயே தொழில் கற்றவர்.

அக்கம்பெனியின் தலைவர் பியர் பூலான்ஷே, 1934-இல் வந்த பழைய காருக்கு வாரிசு தேடினார். 1950-இல் கார் விபத்தில் அவர் மாண்டார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. விமானத் தொழிலிலிருந்து வந்த ஆந்த்ரே லெஃபெவ்ர் பொறியியல் பொறுப்பை ஏற்றார். இத்தாலியச் சிற்பி பெர்த்தோனி உருவம் கொடுத்தார்.

மாஜெஸ் செய்தது என்ன? சக்கரத்துக்கொரு இரும்பு உருண்டை. உள்ளே ரப்பர்த் திரைக்கு ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் ஆயில். சக்கரம் பள்ளம் மேட்டில் ஏறி இறங்கினால் ஆயில் நைட்ரஜனை அமுக்கும். அது ஸ்பிரிங்போல் திருப்பித் தள்ளும். எத்தனை பேர் ஏறினாலும் கார் தாழாது. எஞ்சின் ஓட்டும் பம்ப் ஆயிலைச் சேர்த்து உயரத்தைச் சரிசெய்துவிடும். பிரேக், ஸ்டியரிங், கியர் எல்லாவற்றுக்கும் அதே ஆயில்தான். வண்டியை நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கும். ஸ்டார்ட் செய்தால் படுத்திருந்த யானைபோல் எழும்!

1955 அக்டோபர் 6-ஆம் நாள் பாரிஸ் கண்காட்சியில் 'டிஎஸ்' என்ற பெயரில் அறிமுகமானது. பிரெஞ்சில் அவ்விரு எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தால் 'தேவி' என்று பொருள்படும். முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்தார்கள்.

வாங்கியவர்கள் பட்ட பாடு வேறு. அந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழாய்கள் உள்ளேயே துருப்பிடித்தன. சாதாரண மெக்கானிக்குகளுக்கோ ஒன்றும் புரியவில்லை. 1966-இல் பச்சை நிறக் கனிம ஆயில் வந்த பிறகுதான் தொல்லை தீர்ந்தது. எஞ்சினும் பழைய நாலு சிலிண்டர் எஞ்சினை ஒட்டியதே. இவ்வளவு புதுமைக்கு அது போதாது என்பது என் கருத்து.

1962 ஆகஸ்ட் 22-இல் ஜனாதிபதி டி கால் சென்ற டிஎஸ் மீது கொலைகாரர்கள் சரமாரியாகச் சுட்டார்கள். டயர்கள் பஞ்சராகியும் கார் நிலைகுலையாமல் தப்பியோடியது!

சுமார் பதினான்கரை லட்சம் கார்கள் தயாரான பின் 1975-இல் உற்பத்தி நின்றது. மாஜெஸின் உருண்டைகள் மட்டும் பிற சித்ரோயன் கார்களில் 2017 வரை தொடர்ந்தன. திருவள்ளூர் ஆலையில் 2021 முதல் சித்ரோயன் கார்கள் தயாராகின்றன. அவற்றில் இருப்பவை சாதாரண எஃகு ஸ்பிரிங்குகளே.