சாண்ட்விச் கடையும் மாதக் கணக்கும்

அலுவலக வளாகங்கள் நிறைந்த பெங்களூரு, குருகிராம், புணே போன்ற நகரங்களில், மதியம் ஒரு மணிக்கு வரிசை நீளும் இடங்களுள் ஒன்று சாண்ட்விச் கடை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்கும் பணியாளரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி, நம் உணவை நாமே அமைத்துக்கொள்ளும் முறை அங்கே உள்ளது. வீட்டிலிருந்து உணவு கொண்டுவர இயலாத இளம் பணியாளர்களுக்கு அது நாள்தோறும் கைகொடுக்கிறது. ஆயினும், அவ்வுணவின் விலை எவ்வாறு உருவாகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இம்முறையை உலகெங்கும் பரப்பிய சப்வே நிறுவனம், 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் தொடங்கியது. கல்லூரிப் படிப்புக்குப் பொருள் ஈட்ட விரும்பிய 17 வயது பிரெட் டெலூக்காவுக்கு, குடும்ப நண்பர் பீட்டர் பக் 1,000 டாலர் தந்து பங்குதாரரானார். 2001-இல் அந்நிறுவனம் தில்லியில் கடை திறந்து இந்தியாவுக்கு வந்தது. பனீர் டிக்கா, சிக்கன் டிக்கா போன்றவை அதன் பட்டியலில் இடம்பெற்றன. விரும்பியதைக் கேட்டுப் பெறும் வழக்கம் நமக்கு முன்பே அறிமுகமானதுதான். மும்பை வீதியோரச் சாண்ட்விச் வண்டிகளில் உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, பீட்ரூட், பச்சைச் சட்னி ஆகியவற்றை அவரவர் விருப்பப்படி அடுக்கித் தருவது நெடுநாளைய வழக்கம்.

இருவகைக் கேள்விகள்

எந்த ரொட்டி? ஆறு அங்குலமா, ஓரடியா? உள்ளே எது? சீஸ் கூடுதலாக வேண்டுமா? எந்தக் காய்கள்? எந்த சாஸ்? இறுதியாக, குளிர்பானமும் பிஸ்கட்டும் சேர்த்துக்கொள்கிறீர்களா?

இக்கேள்விகள் இருவகைப்படும். வெங்காயம், வெள்ளரி, ஆலிவ், சாஸ் போன்றவை பொதுவாக விலையில் அடங்கியவை; அவற்றுக்கு எவ்வாறு விடையளித்தாலும் தொகை மாறாது. நீளம், உள்ளே வைக்கும் பொருள், கூடுதல் சீஸ், பானம் ஆகியவை தொகையை உயர்த்துபவை. இரண்டும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் கேட்கப்படுகின்றன. பின்னால் வரிசை காத்திருக்கும்போது, 'சரி' என்பதே எளிய விடையாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். அடிப்படைச் சாண்ட்விச்சின் விலை 200 ரூபாய் எனக் கொள்வோம். 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 210 ரூபாய். கூடுதல் சீஸுக்கு 30 ரூபாயும், பானத்துக்கும் பிஸ்கட்டுக்கும் 90 ரூபாயும் சேர்ந்தால் வரியுடன் 336 ரூபாய். ஒரு நாளில் 126 ரூபாய் வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. மாதத்தில் 22 வேலை நாள்களுக்கு அது 2,772 ரூபாய். ஓராண்டில் 33,264 ரூபாய். இது உணவின் செலவன்று. உணவோடு சேர்ந்த 'சரி'களின் செலவு.

ரசீதில் காண வேண்டியவை

பெரும்பாலான தனி உணவகங்களில் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வசூலிக்கப்படுகிறது. காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்த சிறு உணவகங்கள், வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி.யைத் தனியே வசூலிக்க இயலாது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. அவ்வாறு சேர்க்கப்பட்டிருந்தால் நீக்குமாறு கேட்கலாம். மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

கணக்கு அறிக்கையில் தென்படாத செலவு

சில்லறைச் செலவுகளுக்கு இன்று பலரும் யு.பி.ஐ. லைட் வசதியைப் பயன்படுத்துகின்றனர். சிறு தொகைகளைப் பின் எண் இன்றியே விரைந்து செலுத்தலாம். ஆனால், வங்கிக் கணக்கு அறிக்கையில் லைட் இருப்புக்குப் பணம் மாற்றிய பதிவு மட்டுமே காணப்படும். அந்த 2,000 ரூபாய் எத்தனை மதிய உணவுகளாகக் கரைந்தது என்பதை அறிய, செயலியிலுள்ள பரிவர்த்தனைப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். இருப்பு குறைந்ததும் தானாக நிரப்பும் வசதியை இயக்கியிருந்தால், செலவு மேலும் எளிதாகக் கண்ணிலிருந்து மறையும்.

செய்யத் தக்கவை

முதலாவதாக, வரிசையில் நிற்பதற்கு முன்பே நீளம், உள்ளே வைக்கும் பொருள், பானம் ஆகிய மூன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். விலையை மாற்றாத காய்கறிகளையும் சாஸ்களையும் மேடையில் நின்று விரும்பியபடி தேர்ந்தெடுக்கலாம். தண்ணீரை உடன் எடுத்துச் சென்றால் பானத்துக்கான கேள்விக்கு விடை எளிது.

இரண்டாவதாக, மாதத் தொடக்கத்தில் மதிய உணவுக்கென ஒரு தொகையை ஒதுக்கி, அதனை மட்டும் லைட் இருப்பில் சிறுகச் சிறுக நிரப்புங்கள். தானாக நிரப்பும் வசதியை நிறுத்திவிட்டால், ஒவ்வொரு முறை நிரப்புவதும் ஒரு நினைவூட்டலாக அமையும்.

மூன்றாவதாக, குறையும் தொகையைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைக்காதீர்கள். அது வேறொரு சிறு செலவாக மாறிவிடும். மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி மாதம் 2,700 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால், ஓராண்டில் 32,400 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். சம்பளம் வரவாகும் நாளுக்கு மறுநாளே அத்தொகை தானாகச் செல்லுமாறு நிலையான அறிவுறுத்தல் அளிப்பது நலம்.

நண்பர்களோடு உண்ணும் வெள்ளிக்கிழமையன்று சீஸும் பிஸ்கட்டும் தாராளமாக இடம்பெறட்டும். விரும்பிக் கேட்டு வாங்கியதன் சுவை, வேண்டுமா என்று கேட்டதால் வாங்கியதில் கிடைப்பதில்லை.