நரம்புக் குறிகையை வடிக்கும் அயனிக் கால்வாய்கள்

நரம்பணு ஓய்ந்திருக்கும் வேளையிலும் அதன் உட்புறம் வெளிப்புறத்தினும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கிறது. அளவு சிறிதே. எனினும் அதைத் தாங்கும் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான்; எனவே அப்படலத்தின் குறுக்கே மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டினும் மிக்க மின்புலம் நிலவுகிறது. கொழுப்பாலாகிய அப்படலத்தை அயனிகள் எளிதில் ஊடுருவ இயலாது. அவற்றுக்கு வழி தருபவை படலத்தில் பதிந்துள்ள புரதங்களாகிய அயனிக் கால்வாய்கள். எக்கால்வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதே நரம்புக் குறிகையின் வடிவத்தை முடிவு செய்கிறது.

இதனை உலகுக்கு உணர்த்த உதவியது கணவாய். அதன் பெருநரம்பிழை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடித்திருப்பதால், அதனுள் மின்முனையைச் செலுத்த முடிந்தது. இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் படல மின்னழுத்தத்தை விரும்பிய அளவில் நிறுத்தி, அதனைக் கடக்கும் மின்னோட்டத்தை அளந்தனர். முதலில் சோடியம் உள்ளே பாய்ந்தது. சற்றுப் பிந்திப் பொட்டாசியம் வெளியேறியது. இவ்விரண்டையும் சமன்பாடுகளாக்கி, கையால் சுழற்றும் கணிப்பொறி கொண்டு குறிகையின் விரைவை நொடிக்கு 18.8 மீட்டர் எனக் கணித்தனர். நரம்பிழையில் நேரே அளந்த விரைவோ 21.2 மீட்டர். 1952இல் வெளிவந்த இவ்வாய்வு 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

குறிகை எழும் அந்த ஒரு மில்லிநொடியை நெருங்கி நோக்குவோம். சோடியக் கால்வாயில் நேர்மின்னேற்றம் கொண்ட புரதப் பகுதிகள் உள்ளன. படல மின்னழுத்தம் மாறியதும் அவை வெளிப்புறம் நோக்கி நகர, வாயில் திறக்கிறது. உட்புகும் சோடியம் மின்னழுத்தத்தை மேலும் உயர்த்த, அண்டைக் கால்வாய்களும் திறக்கின்றன. ஆயின் திறந்த கால்வாய் மில்லிநொடிக்குள் தானே அடைபட்டுவிடுகிறது. மெல்லத் திறக்கும் பொட்டாசியக் கால்வாய் மின்னழுத்தத்தை மீண்டும் தாழ்த்துகிறது. அடைபட்ட சோடியக் கால்வாய் உடனே திறவாது. ஆதலால் குறிகை வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே செல்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. சோடியம் அயனி பொட்டாசியத்தினும் சிறியது. ஆயினும் பொட்டாசியக் கால்வாய் அதனைப் புகவிடுவதில்லை. ஆய்வாளர் ராடரிக் மெக்கின்னன் 1998இல் வெளியிட்ட பொட்டாசியக் கால்வாயின் கட்டமைப்பு இதனை விளக்கியது. நீரில் அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். குறுகிய கால்வாயுள் புக அவற்றை அது களைந்தாக வேண்டும். அங்குள்ள ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தைச் சரியாக அணைத்து, நீர் விலகிய இழப்பை ஈடுசெய்கின்றன. சிறிய சோடியத்தை அவை அவ்வாறு அணைக்க இயலாமையால், அது நீரைத் துறக்க முனைவதில்லை.

இந்நுண்மை பிறழின் வாழ்வே பிறழும். பேத்தை மீனின் நஞ்சு சோடியக் கால்வாயை அடைத்து மூச்சை நிறுத்தவல்லது. பல் மருத்துவர் ஏற்றும் உணர்வகற்றி மருந்தும் அக்கால்வாயைச் சிறிது நேரம் அடைத்தே வலியை அகற்றுகிறது. வலி நரம்புகளின் ஒருவகைச் சோடியக் கால்வாய் பிறவியிலேயே செயலற்றோர், வலி அறியாமல் காயங்களைக் கவனியாது விடுகின்றனர். வலி நரம்புகளின் மற்றொரு வகைக் கால்வாயை மட்டும் தடுக்கும் சுசெட்ரிஜின் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2025இல் ஒப்புதல் அளித்தது. பழக்க அடிமைத்தனம் விளைக்கும் அபின்வழி மருந்துகளுக்கு மாற்றாக அது அமைந்துள்ளது. கணவாயின் நரம்பை அறியும் வேட்கையில் தொடங்கிய அடிப்படை ஆய்வு இன்று மனிதரின் வலி தீர்க்கிறது. உடனடிப் பயன் தெரியாத ஆய்வையும் ஒரு நாடு போற்றி வளர்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.