பழைய வண்டி வாங்கும்போது – 14: கனடாவிலிருந்து வந்த பிக்கப்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பழைய பிக்கப் விற்கும் இடங்களில், கனடாவில் ஓடிய வண்டிகளும் உள்ளூர் வண்டிகளோடு கலந்து நிற்பதுண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஃபோர்டு எஃப்-150 இரு நாட்டுக்கும் மிச்சிகனின் டியர்பார்னிலும் மிசூரியின் கேன்சஸ் சிட்டியிலும்தான் உருவாகிறது. ஷெவர்லே சில்வராடோ கனடாவின் ஒஷாவாவில், அமெரிக்காவின் ஃபோர்ட் வேனில், மெக்சிகோவின் சிலாவோவில் என மூன்று நாட்டிலும் தயாராகிறது. ஆகவே எந்த நாட்டில் செய்த வண்டி என்பதை விட எந்த நாட்டில் ஓடிய வண்டி என்பதே முக்கியம். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வி.ஐ.என். அடையாள எண்ணின் முதல் இலக்கம் தயாரான நாட்டை மட்டும் சொல்லும்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ. கனடாவில் பத்து வருடம் ஓடிய எஃப்-150-இன் எண்ணும் 1-இல்தான் தொடங்கும்.

எல்லையைத் தாண்டும்போது வண்டியின் கணக்கு மாறுகிறது. விலை வேறு நாணயத்தில், தூரம் வேறு அலகில், உரிமை வேறு அரசின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. இந்த மூன்று இடங்களிலும் கணக்கு தொடர்ந்து வருகிறதா என்று பார்ப்பதுதான் வாங்குபவரின் முதல் வேலை.

விலை எங்கே குறைகிறது

இந்த வணிகத்தை நடத்துவது நாணய மதிப்பு. 2002 ஜனவரியில் ஒரு கனடிய டாலருக்கு 62 அமெரிக்க சென்ட்தான் கிடைத்தது; கனடாவின் பழைய வண்டிகள் தெற்கே வந்தன. 2007 செப்டம்பரில் இரண்டு டாலரும் சமமாயின. கனடியர்கள் அமெரிக்காவுக்கு வந்து வண்டி வாங்கிப் போனார்கள். 2016 ஜனவரியில் கனடிய டாலர் மறுபடி 70 சென்டுக்குக் கீழே இறங்கியது. வண்டிகளும் மறுபடி தெற்கே திரும்பின.

தீர்வையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு இலகு லாரிகளுக்கு அமெரிக்கா 1964 முதல் 25 சதவீதத் தீர்வை விதிக்கிறது. ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்ததால் அதற்குக் ‘கோழி வரி’ என்றே பெயர். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் விதிகளுக்கு உட்பட்ட பிக்கப்புக்கு அந்தத் தீர்வை இல்லை. ஆனால் 2025 ஏப்ரல் 3 முதல் இறக்குமதிக் கார்களுக்கும் இலகு லாரிகளுக்கும் தனியாக 25 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. அதற்குப் பின் எல்லை தாண்டிய வண்டி என்றால், சுங்க நுழைவுப் படிவத்தில் என்ன கட்டப்பட்டது என்று பார்ப்பது அவசியம்.

எல்லையில் நடப்பது

25 வருடத்துக்கு உட்பட்ட வண்டி அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்த வேண்டும். கனடாவின் விதிகள் பெரும்பாலும் அவற்றை ஒத்தவை. ஆனால் ஒன்றே அல்ல. 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான கனடிய வண்டிகளில் பகலிலும் தானாக எரியும் விளக்கு கட்டாயம்; அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை.

சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருபவர் தயாரிப்பாளரிடம் பொருத்தக் கடிதம் வாங்கி, எச்.எஸ்-7 என்ற போக்குவரத்துத் துறைப் படிவத்தை நிரப்ப வேண்டும். விற்பனைக்குக் கொண்டுவருபவர் அரசிடம் பதிவு செய்த இறக்குமதியாளராக இருக்க வேண்டும், அல்லது அத்தகையவர் மூலம் கொண்டுவர வேண்டும். வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்குக்குப் பிணைப் பத்திரம் கொடுத்து, 120 நாளுக்குள் வண்டி விதிகளுக்குப் பொருந்துவதாகக் காட்ட வேண்டும். அதன்பின் பிணையை விடுவித்துக் கடிதம் வரும். இந்தக் கடிதத்தின் நகலும் சுங்கப் படிவமும் விற்பவரிடம் இருந்தால், வண்டி முறையாக உள்ளே வந்தது என்று அர்த்தம்.

காகிதம் எதுவும் இல்லாதபோது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்கலாம். கனடாவுக்காகத் தயாரான வண்டியில் மேப்பிள் இலைச் சின்னமோ கனடிய விதிகளுக்குப் பொருந்துவதாக ஒரு வாசகமோ இருக்கும். முறையான இறக்குமதியாளர் கையில் போய் வந்த வண்டியில் அவர் பெயரிலும் ஒரு லேபிள் இருக்கும்.

மீட்டர்

கனடிய வண்டியின் ஓடோமீட்டர் கிலோமீட்டரில் ஓடும். 2,40,000 கி.மீ. என்றால் சுமார் 1,49,000 மைல். அலகு மாறும்போது தூரம் மாறக் கூடாது. புதிய வண்டிகளில் திரையில் அலகைத் தேர்ந்தெடுத்தால் மீட்டரே மாற்றிக் காட்டும். பழைய வண்டிகளில் மீட்டர் பெட்டியையே கழற்றி மைல் பெட்டி வைப்பதுண்டு. தில்லுமுல்லுக்கு வசதியான நேரம் அது. மாற்றிய மீட்டரில் பழைய தூரத்தை ஏற்ற முடியாவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கி, முன்பு ஓடிய தூரத்தையும் மாற்றிய தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பொய் மீட்டரோடு ஆண்டுக்கு 4,50,000-க்கு மேற்பட்ட வண்டிகள் விற்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. கனடாவில் செய்த கடைசி சர்வீஸின் ரசீதில் உள்ள கிலோமீட்டரை 1.609-ஆல் வகுத்து, இன்றைய மீட்டரோடு ஒப்பிட்டால் பெரிய திருட்டு பிடிபட்டுவிடும்.

உரிமையும் கடனும்

அமெரிக்காவில் வண்டிக்கு உரிமைப் பத்திரம் உண்டு. கடன் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரியும். கனடாவில் பதிவுச் சான்றுதான் உண்டு, கடன் அதில் வராது. அந்தந்த மாகாணத்தின் அசையும் சொத்துப் பதிவேட்டில்தான் அது இருக்கும். முந்தைய உரிமையாளர் கட்டாமல் விட்ட கடன் வண்டியைத் தொடர்ந்து வரக்கூடும். ஒன்டாரியோவில் தனியார் விற்பனைக்குக் கட்டாயமான ‘பழைய வண்டித் தகவல் தொகுப்பு’ இங்கே பெரிய உதவி: முந்தைய பதிவுகள், கடன், விபத்து முத்திரை மூன்றும் அதில் இருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனம் டோட்டல் லாஸ் என்று கைவிட்ட வண்டிக்கு முத்திரை பதிப்பதை அந்த மாகாணம் 2003-இல் கட்டாயமாக்கியது. அமெரிக்கப் பதிவேட்டில் மட்டும் தேடினால் இந்த முத்திரை கண்ணில் படாமல் போகலாம். கனடிய வரலாற்று அறிக்கையைத் தனியாக வாங்க வேண்டும். திருட்டு வண்டியா என்பதைக் கனடிய போலீஸ் தகவல் மையத்தின் இணையத் தேடலில் யாரும் பார்க்கலாம். கண்ணாடிக்குக் கீழும் கதவிலும் சேஸிஸிலும் உள்ள வி.ஐ.என். ஒன்றாக இருக்கிறதா என்பதும் கட்டாயம் பார்க்க வேண்டியது.

உப்பும் குளிரும்

எல்லைக்கு வடக்கே வண்டியைத் தின்பது சாலை உப்பு. ஹ்யூரான் ஏரிக்கு அடியில் இருக்கும் காட்ரிச் சுரங்கம் உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம்; ஒன்டாரியோவின் சாலைகள் குளிர்காலம் முழுவதும் உப்பில் நனைகின்றன. கடுங்குளிரில் உப்பு பனியை உருக்காது என்பதால் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் போன்ற சமவெளி மாகாணங்களில் மணலும் சரளையும் அதிகம் தூவுகிறார்கள். அங்கிருந்து வரும் வண்டியில் துரு குறைவு. கல் தெறித்த கண்ணாடியும் கொத்துப்பட்ட பெயின்டும் அதிகம்.

துருவைப் பார்க்க வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். 2015 மாடலிலிருந்து எஃப்-150-இன் பாடி அலுமினியம் என்பதால் வெளியே துரு தெரியாது. சேஸிஸ் இன்னும் எஃகுதான். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் கட்டு மாட்டும் இடம், பிரேக் ஆயில் போகும் எஃகுக் குழாய்கள், சேஸிஸ் குழலின் உட்புறம் ஆகியவை முதலில் போகும். புதிதாகப் பூசிய கறுப்பு அடிப்பூச்சு இருந்தால் சுத்தியால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். டொயோட்டா 2005 முதல் 2010 வரையிலான டகோமா உள்ளிட்ட வண்டிகளின் சேஸிஸ் துருவுக்காக 2016-இல் 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அந்த வருட டகோமாவில் சேஸிஸ் மாற்றப்பட்டதா என்று கேட்பது வழக்கம்.

முன் கிரில்லிலிருந்து பிளக் தொங்கினால் எஞ்சின் பிளாக்குக்கு ஹீட்டர் இருக்கிறது என்று பொருள். அது நல்ல அறிகுறி. ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களில் வேலை பார்த்த டீசல் வண்டிகள் குளிரில் உறையாதிருக்க மணிக்கணக்காக நின்றபடியே ஓடியிருக்கும். அந்த ஓட்டம் ஓடோமீட்டரில் ஏறாது, மணிக்கணக்கு மீட்டரில்தான் ஏறும். 1,50,000 கி.மீ., 6,000 மணி என்று காட்டினால் சராசரி மணிக்கு 25 கி.மீ.தான், எஞ்சின் தேய்ந்தது ஓடோமீட்டர் சொல்வதைவிட அதிகம்.

கடைசியாக வாரண்டி

மற்ற நாட்டில் விற்ற வண்டிக்கு வாரண்டி தருவதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் விதி வேறுபடும். மீதி வாரண்டி இருப்பதாகச் சொல்லி விலை கூட்டினால், வி.ஐ.என்.-ஐக் கொடுத்து உள்ளூர் டீலரிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே அந்தத் தொகையைச் சேர்க்கலாம். உதிரிபாகங்களைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை; ஒரே தொழிற்சாலையில் பிறந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே பாகம்தான் பொருந்தும்.

(தொடரும்)