சைகோன் அம்மா வீட்டு நேம்

குழந்தைகளே! புதுச்சேரியில் சில வீடுகளில் விருந்து என்றால் 'நேம்' என்று ஒரு பலகாரம் கட்டாயம் இருக்கும். விரல் நீளத்துக்குச் சுருட்டி, மொறுமொறுவெனப் பொரித்திருப்பார்கள். அது நம் ஊர்ப் பலகாரம் அல்ல. வியட்நாமிலிருந்து கப்பலேறி வந்தது!

புதுச்சேரியைப் போலவே வியட்நாமும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. நம்மூர்க்காரர்கள் பலர் படைவீரர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் சைகோன் நகருக்குப் போனார்கள். (அதற்கு 1976 முதல் ஹோ சி மின் நகரம் என்று பெயர். அங்கே இன்றும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, தெரியுமா?) சிலர் அங்கேயே திருமணமும் செய்துகொண்டார்கள். 1954இல் வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் பலர் வியட்நாமிய மனைவியோடு ஊர் திரும்பினார்கள்.

அப்படி வந்த ஓர் அம்மா எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். தெருவுக்கே அவர் 'சைகோன் அம்மா'. நெத்திலியையும் உப்பையும் பெரிய ஜாடியில் போட்டு, மாதக்கணக்கில் ஊறவைத்து, 'நுவாக் மாம்' என்ற மீன் சாறு வடிப்பார். அந்த வாடை இருக்கிறதே, அப்பப்பா!

1971இல் நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நண்பர்களோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஒரு தட்டு நிறைய நேம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான்தான் அதிகம் தின்றேன். மூக்கைப் பிடித்த கதை பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. தட்டில் நாலு வாழைப்பழத்தை வைத்து, "நீயே போய்க் கொடுத்துட்டு வா" என்றார்.

தலையைக் குனிந்தபடி போனேன். "வா, கோன்" என்றார் சைகோன் அம்மா. சைகோனில் பாதியை எனக்குப் பெயராக வைத்துவிட்டார் என்று நினைத்தேன். 'கோன்' என்றால் அவர்கள் மொழியில் 'பிள்ளை' என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பின் அவர் சமையலறையே கதி. அரிசித்தாள் அப்போது கடையில் கிடைக்காது. கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, அரிசி மாவை மெல்லியதாகத் தடவி வேகவைத்து, வெயிலில் உலர்த்துவார். நம் இலை வடாம் மாதிரிதான்!

சைகோனிலிருந்து அவர் தங்கை கடிதம் எழுதுவார். உறையிலுள்ள தபால்தலை எனக்கு. 1975இல் அங்கே போர் முடிந்தது. தபால்தலை வருவதும் நின்றுபோனது. நானோ, "ஸ்டாம்பு வரலையா?" என்று வாரம் தவறாமல் நச்சரித்தேன். "இல்லை, கோன்" என்பார். கடிதமே வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள் என்று ஒன்பதாம் வகுப்புப் படித்த எனக்கு உறைக்கவில்லை. வெகுநாள் கழித்து ஓர் உறை வந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அன்று நான் தபால்தலை கேட்கவில்லை.

சரி, நேம் செய்வோமா? அரிசித்தாள் இப்போது பெரிய கடைகளில் கிடைக்கிறது. கொத்திய இறால் அல்லது கோழிக்கறி, துருவிய கேரட், வெங்காயம், ஊறவைத்து நறுக்கிய பாசிப்பயறு சேமியா, ஒரு முட்டை, உப்பு, மிளகுத்தூள் எல்லாவற்றையும் பிசையுங்கள். தாளைத் தண்ணீரில் நனைத்து உடனே எடுத்துவிட வேண்டும். ஊறினால் கிழியும். (என் முதல் ஆறும் கிழிந்தன!) ஓரத்தில் பூரணம் வைத்து, இரு பக்கமும் மடித்துச் சுருட்டுங்கள். ரொம்ப இறுக்கினால் எண்ணெயில் வெடிக்கும். அடுப்பு வேலை பெரியவர்களுக்கு. மிதமான தீயில், ஒன்றோடொன்று ஒட்டாமல் பொரிக்கச் சொல்லுங்கள். மீன் சாற்றில் எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய், தண்ணீர் கலந்தால் தொட்டுக்கொள்ள ரெடி. புதினாவோடு லெட்யூஸ் இலையில் சுற்றிச் சாப்பிட வேண்டும்.

போன மாதம் நான் மீன் சாற்று பாட்டிலைத் திறந்ததும் என் பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே தொட்டுக்கொண்டு அவள் ஏழாவது நேமை எடுத்தபோது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.