படகுக்கு வயது என்ன?

காரைக்கால் பக்கம் ஒரு கடற்கரை ஊர். மணலில் ஒரு சின்ன ஃபைபர் படகு நிற்கிறது. புதிதாக நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் ஓர் அவுட்போர்டு எஞ்சின் மாட்டியிருக்கிறது. படகு விற்பனைக்கு வந்திருக்கிறது.

"அஞ்சு வருசந்தான் அண்ணே ஓடியிருக்கு. எஞ்சினும் அப்ப வாங்கினதுதான்" என்கிறார் தரகர்.

வாங்க வந்தவர் படகைச் சுற்றி நடக்கிறார். நகையை அடகு வைத்து வாங்கிய பணம் அவர் மடியில் இருக்கிறது. நாளை அவரும் அவர் மகனும் இந்தப் படகில்தான் கடலுக்குப் போக வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன செய்வது? பின்பலகை உடைந்தால் என்ன செய்வது?

படகு உண்மையில் எந்த ஆண்டு கட்டியது? எஞ்சின் எந்த மாடல்? தரகர் சொல்வதைத் தவிர வேறு சாட்சி உண்டா?

உண்டு. அந்தச் சாட்சி படகிலேயே எழுதியிருக்கிறது.

ஒரு படகுக்கு இரண்டு வயது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். படகின் உடல் வேறு, எஞ்சின் வேறு. உடலுக்கு ஒரு வயது, எஞ்சினுக்கு ஒரு வயது. பழைய படகில் புது எஞ்சின் இருக்கலாம். புதுப் படகில் பழைய எஞ்சின் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வண்ணத்தை நம்பக் கூடாது. ஒரே நாளில் வண்ணம் அடித்துவிடலாம். எஞ்சின் மூடியில் இருக்கும் பெயரையும் நம்பக் கூடாது. மூடியை மாற்றிவிடலாம். பெயர் ஒட்டும் தாளைக் கடையிலே வாங்கலாம். தகட்டிலும் உலோகத்திலும் பதித்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

எஞ்சின் சொல்லும் கதை

படகின் பின்னால் மாட்டும் எஞ்சினுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஓல் எவின்ரூட் என்பவர் நார்வே நாட்டில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போனவர். ஒரு நாள் வெயிலில் ஏரியின் அக்கரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்புப் போட்டு வந்தாராம். வந்து சேர்வதற்குள் அது உருகிவிட்டதாம். அப்போதுதான் படகுக்கு எஞ்சின் வைக்கும் எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். 1909ஆம் ஆண்டு அவர் எஞ்சின்களை விற்கத் தொடங்கினார். அதற்கு ஒன்றரைக் குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 28 கிலோ.

பின்னாளில் எவின்ரூட், ஜான்சன் என்ற இரண்டு பெயரிலும் ஒரே நிறுவனம் எஞ்சின் செய்தது. அந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டு நொடித்துப்போனது. வேறொரு நிறுவனம் அதை வாங்கி நடத்தியது. 2020ஆம் ஆண்டு எவின்ரூட் எஞ்சின் செய்வதும் நின்றது. ஆனால் பழைய எஞ்சின்கள் இன்னும் பல நாடுகளில் ஓடுகின்றன. அவற்றின் வயதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு.

நம் ஊர் ஜவுளிக்கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. கொள்முதல் விலையை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதி வைப்பார்கள். கடைக்காரருக்கு மட்டும் புரியும். 1980 முதல் அந்த நிறுவனமும் எஞ்சினின் ஆண்டை அப்படித்தான் எழுதியது.

ஆங்கிலத்தில் 'இன்ட்ரொடியூஸஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதில் பத்து எழுத்துகள். ஓர் எழுத்துகூட இரண்டாம் முறை வராது. முதல் எழுத்து ஐ. அதற்கு மதிப்பு 1. இரண்டாம் எழுத்து என். அதற்கு மதிப்பு 2. இப்படியே போனால் எட்டாம் எழுத்து சி, ஒன்பதாம் எழுத்து இ. கடைசி எழுத்து எஸ். அதற்கு மதிப்பு பூஜ்யம்.

மாடல் எண்ணின் இறுதிப் பகுதியில் ஆண்டுக்கான இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும். அவை சி, இ என்று இருந்தால் 8, 9 என்று பொருள். அது 1989ஆம் ஆண்டு மாடல். அதே மாடல் எண்ணின் தொடக்கத்தில் ஜே என்று இருந்தால் ஜான்சன். இ என்று இருந்தால் எவின்ரூட். அடுத்து வரும் எண் குதிரைத்திறன்.

இந்தத் தகடு, எஞ்சினைப் படகில் மாட்டும் பிடியின் பக்கவாட்டில் இருக்கும். வரிசை எண்ணை எஞ்சினின் மேல்பாகத்திலும் ஒரு சிறு வட்டத் தகட்டில் பதித்திருப்பார்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு வேறாக இருந்தால், மேல்பாகம் ஒரு எஞ்சினுடையது, கீழ்ப்பாகம் வேறு எஞ்சினுடையது என்று அறியலாம்.

மற்ற நிறுவனங்களின் முறை வேறு. ஆனால் எந்த எஞ்சினிலும் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். அவற்றை எழுதிக்கொண்டு போய் அந்த நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேட்கலாம்.

உடலில் பதித்த எண்

எஞ்சினைப் பார்த்தாயிற்று. இனிப் படகின் உடல்.

அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே செய்யும் ஒவ்வொரு படகிலும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் பதிக்க வேண்டும். பின்பலகையின் வெளிப்பக்கத்தில், வலது கை மூலையில், மேல் விளிம்பை ஒட்டி அது இருக்கும்.

முதல் மூன்றும் செய்தவர் யார் என்று சொல்லும். அடுத்த ஐந்தும் அந்தப் படகின் தனி எண். கடைசி நான்கும் காலத்தைச் சொல்லும். 1984 ஆகஸ்ட் முதல் இதற்கு ஒரே முறை வந்தது. கடைசி நான்கு 'ஜே 5 86' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்து வரிசையில் ஜே பத்தாவது. ஆகவே பத்தாம் மாதம், அக்டோபர். 5 என்பது 1985. அந்த மாதம் படகுக்கு விதிப்படி சான்று கிடைத்தது. 86 என்பது 1986ஆம் ஆண்டு மாடல். அடுத்த ஆண்டுக் காலண்டர் இந்த ஆண்டே கடைக்கு வந்துவிடுகிறது அல்லவா? படகும் அப்படித்தான்.

1984 முதல் இன்னொரு விதியும் வந்தது. அதே எண்ணைப் படகுக்குள் மறைவான ஓர் இடத்திலும் பதிக்க வேண்டும். வெளியே இருப்பதைச் சுரண்டினாலும் உள்ளே இருப்பது காட்டிக்கொடுக்கும். எண்ணைச் சுரண்டிய படகு திருட்டுப் படகாக இருக்கலாம்.

சட்டத்துக்கு முந்திய படகுகள்

இந்தச் சட்டம் வருமுன் செய்த படகுகள் என்ன ஆகும்? அவற்றின் வயதையும் அறியலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிறிஸ் கிராஃப்ட் என்ற புகழ்பெற்ற படகு நிறுவனம் இருந்தது. அவர்கள் செய்த மரப் படகுகளை இன்றும் சிலர் பொக்கிஷம் போல் காக்கிறார்கள். அந்தப் படகின் மரத்திலேயே எண்ணைக் குத்தியிருப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்த படகில் 'ஆர் 17' என்று தொடங்கினால் 17 அடி உல்லாசப் படகு. 'யூ 18' என்று தொடங்கினால் 18 அடி பொதுப் பயன் படகு.

ஒவ்வொரு படகுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தார்கள். எந்த மாடல், எந்த எஞ்சின், என்று ஆலையை விட்டுப் போனது, எந்த வியாபாரிக்குப் போனது என்று அதில் இருக்கும். அந்த அட்டைகள் இப்போது வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கொட்டகையில் தூசி படிந்து கிடந்த படகின் பிறந்த நாளைக்கூட இப்படிக் கண்டுபிடிக்கிறார்கள். யாரோ ஓர் எழுத்தர் அன்று ஒழுங்காக எழுதி வைத்ததால் இது நடக்கிறது.

எண் அழிந்துபோனால்?

அப்போது பொருளே பேசும். ஃபைபர் படகு என்றால் அது 1940களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்கு முன் அப்படிச் செய்யவில்லை. கூட்டல் குறி போன்ற பள்ளம் உள்ள திருகாணி 1930களில்தான் வந்தது. அதைவிடப் பழைய மரப் படகில் அந்தத் திருகாணி இருந்தால், பின்னால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

வயது தெரிந்தால் மட்டும் போதாது. உடம்பையும் பார்க்க வேண்டும். ஃபைபரை விரல் மடக்கித் தட்ட வேண்டும். ஒரே மாதிரி கணீரென்று கேட்டால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே நீர் இறங்கியிருக்கலாம். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் உள்ளே உள்ள மரம் இற்றுப்போயிருக்கலாம். மரப் படகில் அடிக்கட்டையைக் கத்தி முனையால் மெல்லக் குத்திப் பார்க்கலாம். முனை எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது.

நம் ஊர்ப் படகு

நம் ஊர்ப் பட்டறையில் கட்டும் படகில் 12 எழுத்து அடையாளம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் நமக்கும் பதிவு எண் உண்டு. அது ஐ.என்.டி என்று தொடங்கும். அது இந்தியா. அடுத்து மாநிலம். டி.என் என்றால் தமிழ்நாடு. பி.ஒய் என்றால் புதுச்சேரி. கே.எல் என்றால் கேரளம். எம்.ஓ என்று இருந்தால் அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய படகு.

இந்த எண் வயதைச் சொல்லாது. அதற்குப் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும். படகின் நீளம், அகலம், எஞ்சின் விவரம் ஆகியவை சான்றில் இருக்கும். சான்றைக் கையில் வைத்துக்கொண்டு படகை அளக்க வேண்டும். எஞ்சின் எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கடற்கரையில் நின்றவரும் அதைத்தான் செய்தார். துணியை நனைத்து, பிடியில் இருந்த தகட்டைத் துடைத்தார். உப்பும் எண்ணெயும் போய் எண் தெரிந்தது. சான்றை வாங்கி விரல் வைத்துப் படித்தார். தகட்டில் இருந்த எண் சான்றில் இல்லை.

"இந்த எஞ்சின் வேற மாதிரி இருக்கே, தம்பி?"

"இடையில மாத்தியிருப்பாங்க அண்ணே."

"அப்ப அதோட வாங்கினதுன்னு சொன்னீங்களே?"

தரகர் பதில் சொல்லவில்லை. வாங்க வந்தவர் எஞ்சின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். பணம் மடியிலேயே இருந்தது.